பெண்கள் வரலாற்றைத் தேடுபவர்கள் எங்கே தேடுகிறீர்கள்?

கேள்வி, மார்ச் 2

பெண்களின் சமூகப் பங்களிப்பு பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுத மூன்று மாதமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். எதை எடுத்தாலும் அதே பத்துப் பதினைந்து பெயர்கள். ஒரு ராணி, ஒரு விஞ்ஞானி, ஒரு போராளி. மற்ற பெண்கள் எதையும் எழுதி வைக்கவில்லை, அவர்களைப் பற்றியும் யாரும் எழுதவில்லை. பதிவாகாத ஒன்றை எப்படி ஆராய்வது? முடியாது என்றே எனக்குத் தோன்றுகிறது. மாற்றுக் கருத்து உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மார்ச் 2, இரவு

எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. பதிவாகியிருக்கிறது. நீங்கள் திறக்கும் அலமாரியில் அது இல்லை, அவ்வளவுதான்.

வாழ்க்கை வரலாறு, விழா மலர், தலைவர்கள் பட்டியல் என்று தேடினால் பத்துப் பதினைந்து பேர்தான் வருவார்கள். கணக்கு நோட்டு, ரசீது, சொத்துப் பத்திரம், வழக்குக் கட்டு, சம்பளப் பட்டியல் என்று போய்ப் பாருங்கள். காசு கைமாறிய இடத்திலும் சண்டை நடந்த இடத்திலும் பெண்கள் கூட்டமாக இருப்பார்கள்.

ஓர் உதாரணம். அமெரிக்காவின் மெயின் பகுதியில் ஹாலோவெல் என்ற ஊரில் மார்த்தா பல்லார்ட் என்று ஒரு மருத்துவச்சி இருந்தார். 1785 முதல் 1812 வரை, 27 ஆண்டுகள், நாள் தவறாமல் குறிப்பு எழுதினார். இன்று மழை, ஆற்றைக் கடந்து போனேன், இன்னார் வீட்டில் குழந்தை பிறந்தது, கூலி வந்தது. அந்தக் குறிப்பில் 816 பிரசவங்கள் இருக்கின்றன. அந்தப் பகுதியின் வரலாற்றை எழுதியவர்கள் இதைப் பார்க்காமல் இல்லை. பார்த்துவிட்டு, அன்றாடச் சில்லறை விஷயம் என்று தள்ளிவிட்டார்கள். பின்னாளில் ஒரு வரலாற்றாசிரியை உட்கார்ந்து ஒவ்வொரு நாளையும் எண்ணினார். யார் யாருக்கு நூல் நூற்றுக் கொடுத்தார்கள், எந்த வீட்டுப் பெண் எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனாள், கடன் எப்படித் தீர்ந்தது என்று ஓர் ஊரின் பொருளாதாரமே வெளியே வந்துவிட்டது. ஆண்கள் எழுதிய கணக்குப் புத்தகங்களில் அதில் பாதி கூட இல்லை.

மார்ச் 3

நேற்று சொல்ல விட்டுப்போனது. நம் கண்ணெதிரே இருப்பது.

தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜனின் கல்வெட்டு ஒன்று 400 பெண்களைத் தனித்தனியாகச் சொல்கிறது. தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடல் பணி செய்தவர்கள். எந்தக் கோயிலிலிருந்து வந்தவர், தெருவின் எந்தச் சிறகில், அதாவது எந்த வரிசையில், எத்தனையாவது வீடு, என்ன பெயர், எல்லாம் வரிசையாக இருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய 400 பெண்களின் கதவு இலக்கம் என்றே சொல்லலாம். இதை ஏன் வெட்டினார்கள்? ஆளுக்கு ஒரு பங்கு, ஒரு பங்குக்கு ஆண்டுக்கு 100 கலம் நெல். நெல் அளக்க வேண்டும் என்றால் யாருக்கு என்று தெரிய வேண்டும். அதனால் பெயர் வந்தது.

நான் சொல்ல வருவது இதைத்தான். பெருமைக்காக எழுதியதைவிடக் கணக்குக்காக எழுதியதில் பெண்கள் அதிகம்.

மார்ச் 5

"அரசனும் கோயிலும் இருந்தால் சரி, வீட்டில் இருந்த பெண்ணுக்கு என்ன ஆதாரம்?" என்று மேலே ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

துருக்கியில் குல்தெப்பே என்று ஓர் இடம். பழைய பெயர் கனேஷ். ஏறத்தாழ 3,900 ஆண்டுகளுக்கு முன் இன்றைய இராக்கில் இருந்த அசூர் நகரத்து வணிகர்கள் அங்கே போய்த் தங்கி வியாபாரம் செய்தார்கள். அங்கே 20,000-க்கும் மேற்பட்ட களிமண் பலகைகள் கிடைத்திருக்கின்றன. பெரும்பாலும் வியாபாரக் கடிதம், கடன் பத்திரம். அவற்றில் அசூரில் இருந்த மனைவிமார் எழுதியனுப்பிய கடிதங்களும் உண்டு. வீட்டில் துணி நெய்தவர்களும் நெய்வித்தவர்களும் அவர்கள்தான். அந்தத் துணி கழுதை மேல் ஏறி ஆயிரம் கிலோமீட்டர் போய் விலையானது.

லமாசி என்று ஒருவர், கணவர் பூஷுகேன். துணியைப் பற்றி ஓயாமல் குறை எழுதுகிறார் கணவர். லமாசிக்குக் கோபம் வருகிறது. உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு என் துணியைக் குறை சொல்கிற அந்த ஆள் யார் என்கிற பொருளில் திருப்பி எழுதுகிறார். நான் இதை முதலில் படித்தபோது எழுந்து நின்றுவிட்டேன். களிமண்ணில் குத்தி எழுதிய கோபம், இன்னும் ஆறவில்லை.

அதில் எனக்குப் பெரிதாகப் பட்டது ஒன்று உண்டு. அவர் தன் துணியைத் தன் சரக்காகப் பேசுகிறார். அளவு தெரியும், தரம் தெரியும், எவ்வளவு வெள்ளி வர வேண்டும் என்றும் தெரியும். "வீட்டில் இருந்த பெண்" என்று நாம் ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம். அந்த வீடு ஒரு பட்டறை.

மார்ச் 5, பிறகு

தேடும் வழி பற்றியும் கேட்டிருந்தீர்கள். நான் செய்வதைச் சொல்கிறேன்.

ஒரு பெண்ணுக்குக் குறைந்தது நான்கு பெயர் வைத்துக்கொண்டு தேடுவேன். பிறந்த வீட்டுப் பெயர், திருமணத்துக்குப் பிந்தைய பெயர், "திருமதி" போட்டுக் கணவர் பெயர், வெறும் முதலெழுத்துகள். நான்காவதில்தான் பலர் மாட்டுவார்கள். அப்புறம் எழுத்துப் பிழைகள். எழுதியவர் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார்.

அடுத்து, கையெழுத்துப் போட்டவரை நம்பி நிறுத்திவிடக் கூடாது, உள்ளே படிக்க வேண்டும். 1912-ல் ஹார்வர்டு வானாய்வகம் ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. சிறிய மெகல்லன் மேகம் என்ற விண்மீன் கூட்டத்தில் உள்ள 25 மாறொளி விண்மீன்களைப் பற்றியது. விண்மீன் எவ்வளவு பிரகாசமோ, அவ்வளவு நீளமானது அது மங்கி மீளும் காலம் என்ற தொடர்பு அதில்தான் தெளிவாக வந்தது. பிரபஞ்சத்தின் தூரத்தை அளக்க மனிதருக்குக் கிடைத்த அளவுகோல் அது. கையெழுத்து இயக்குநர் எட்வர்டு பிக்கரிங்குடையது. ஆனால் முதல் வரியிலேயே, இதைத் தயாரித்தவர் செல்வி லெவிட் என்று இருக்கிறது. ஹென்றியெட்டா லெவிட். அட்டையோடு நின்றவருக்குப் பிக்கரிங், ஒரு வரி படித்தவருக்கு லெவிட்.

அவர் 1921-ல் இறந்தார். 1925-ல் சுவீடன் நாட்டுக் கணிதவியலாளர் மிட்டாக்-லெஃப்லர் நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்க எண்ணி அவருக்கே கடிதம் எழுதினார். நான்கு ஆண்டு தாமதம்.

மார்ச் 6

அருங்காட்சியகச் சீட்டுகளையும் அப்படியே நம்ப வேண்டாம். கொடுத்தவர் பெயர் இருக்கும், தோண்டியவர் பெயர் இருக்காது. இங்கிலாந்தின் லைம் ரீஜிஸ் கடற்கரையில் மேரி ஆனிங் 1823-ல் பிளீசியோசார் என்ற பழங்காலக் கடல் ஊர்வனத்தின் முழு எலும்புக்கூட்டைக் கண்டெடுத்தார். 1824-ல் லண்டன் நிலவியல் கழகத்தில் அதைப் பற்றி உரை நடந்தது, அவர் பெயர் வரவில்லை. அந்தக் கழகம் பெண்களை உறுப்பினராகச் சேர்த்தது 1919-ல். ஆனிங் 1847-லேயே போய்விட்டார்.

மார்ச் 9

இவ்வளவு எழுதிவிட்டு என் வீட்டுக் கதையைச் சொல்லாமல் இருப்பது சரியில்லை.

என் பாட்டி தையல் தைத்தார். நாங்கள் அதைச் சொன்ன விதம், "பாட்டி சும்மா இருக்க மாட்டார், எதையாவது தைத்துக்கொண்டிருப்பார்." அவர் போன பிறகு டிரங்குப் பெட்டியில் மூன்று நோட்டுகள் இருந்தன. ஒன்று நனைந்து ஒட்டிப்போயிருந்தது. அதைப் பழைய காகிதத்தோடு போட்டது நான்தான். யாரும் சொல்லவில்லை, நானே போட்டேன். இன்றுவரை அது என்னை அறுக்கிறது.

மிச்சம் இரண்டும் அளவு நோட்டு. கோடு போட்ட தாள், நீல மை, சில இடத்தில் பென்சில். பக்கத்துக்கு நான்கைந்து பேர். உயரம், மார்பு, இடுப்பு, கை நீளம், கழுத்து இறக்கம். பெயர் இருக்க வேண்டிய இடத்தில் "மேலத்தெரு மூத்த மருமகள்", "டீச்சர் தங்கை", "கணக்கர் வீட்டம்மா". இரண்டு நோட்டிலும் சேர்த்து எண்ணினேன். 214 பேர். சொந்தப் பெயரோடு இருப்பவர்கள் 31. அந்த 31 பேரும் சிறுமிகள். திருமணம் ஆகும்வரை பெயர் இருக்கிறது, அப்புறம் இன்னாருடைய இன்னார்.

தைத்து முடித்ததற்கு ஒரு குறுக்குக் கோடு. கூலி வந்தால் இரண்டாவது கோடு. மார்த்தா பல்லார்ட்டும் கூலி வந்த பிரசவத்துக்கு ஓரத்தில் குறி போட்டு வைத்தார் என்று பிறகு படித்தபோது நோட்டை மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். சில பக்கங்களின் ஓரத்தில் "கா 6", "கா 8" என்று இருக்கிறது. காசு என்று நினைக்கிறேன்.

214 பேருக்குத் தைத்த ஒருவரைத்தான் "எதையாவது தைத்துக்கொண்டிருப்பார்" என்று சொன்னோம்.

மார்ச் 10

நனைந்த நோட்டு எப்படியும் வீணாகத்தானே போயிருக்கும் என்று கேட்டவருக்கு: இல்லை, அதைக் காப்பாற்றியிருக்க முடியும். ஒட்டிய தாளைப் பிரிக்க அவசரப்படாமல், நிழலில் காற்றோட்டமாக வைத்து, பக்கங்களுக்கு நடுவே மை உறிஞ்சும் தாள் வைத்து மாற்றிக்கொண்டே இருந்தால் பெரும்பாலும் படிக்கிற நிலைக்கு வந்துவிடும். வெயிலில் போடக் கூடாது. இது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. உங்கள் வீட்டில் அப்படி எதுவும் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். படம் எடுத்துவிட்டாவது யோசியுங்கள்.

மார்ச் 14

வாய்மொழி வரலாறு பற்றி. வயதான பெண்களிடம் பேட்டி எடுக்கப் போகிறேன் என்று எழுதியவர் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

"உங்கள் சாதனை என்ன?" என்று கேட்காதீர்கள். நான் முதல் பேட்டியில் அப்படித்தான் கேட்டேன். "நான் என்னம்மா பெருசா செஞ்சுட்டேன்" என்று வந்தது. பேட்டி அங்கேயே முடிந்தது. இரண்டாவது முறை அவரிடமே, காலையில் எத்தனை மணிக்கு எழுவீர்கள், முதலில் எந்தக் கதவைத் திறப்பீர்கள், பெட்டிச் சாவி யாரிடம் இருக்கும், வரவு செலவு யார் எழுதுவார்கள் என்று கேட்டேன். இரண்டரை மணி நேரம் பேசினார். ஆறு பேர் வேலை பார்த்த ஒரு நெசவுக் கூடத்தைப் பதினொரு ஆண்டுகள் அவர் தனியாக நடத்தியிருக்கிறார். அது சாதனை என்று அவருக்குத் தோன்றவில்லை. கணவருக்கு உடம்பு சரியில்லை, அதனால் பார்த்துக்கொண்டேன் என்றார்.

கூட யார் இருக்கிறார்கள் என்பதும் முக்கியம். மகன் உள்ளே வந்து உட்கார்ந்ததும் "நான் செய்தேன்" என்பது "நாங்கள் செய்தோம்" ஆயிற்று, கொஞ்ச நேரத்தில் "இவங்க அப்பா செஞ்சாங்க" ஆயிற்று. யாரும் அவரை அதட்டவில்லை. அவருடைய வாக்கியமே தானாக மாறியது. பதிவை மறுபடி கேட்டபோதுதான் கவனித்தேன். அன்றிலிருந்து எழுவாயைத் தனியாகக் குறித்துக்கொள்கிறேன்.

அவர் மௌனமாக இருந்தால் நீங்களும் இருங்கள். அடுத்த கேள்விக்கு ஓடாதீர்கள்.

மார்ச் 15

எழுவாய் என்றதும் இலக்கணம் ஞாபகம் வருகிறது. 1829-ல் எகிப்தின் தெயிர் எல்-பஹ்ரி கோயில் கல்வெட்டுகளை, எகிப்தியச் சித்திர எழுத்தைப் படிக்க வழி கண்ட ஷம்போலியோன் படிக்கிறார். உருவம் தாடி வைத்த அரசன். எழுத்தில் வினையும் பெயரும் பெண்பால் விகுதியோடு வருகின்றன. அவருக்குப் புரியவில்லை. அந்த அரசன் ஹட்செப்சுட் என்ற பெண். உருவத்தைச் சிதைத்தவர்கள், பெயரைச் செதுக்கி எடுத்தவர்கள் எல்லாரையும் தாண்டி ஒரு விகுதி மிச்சம் இருந்திருக்கிறது.

தமிழில் தேடுபவர்களுக்கு இது பாதி வசதி, பாதி சிக்கல். "எழுதினாள்" என்றால் தெரிந்துவிடும். மரியாதை கொடுத்து "எழுதினார்" என்றால் போயிற்று. சங்கப் புலவர்களில் பெண்கள் எத்தனை பேர் என்று பாருங்கள், பட்டியலுக்குப் பட்டியல் எண் மாறும். காரணங்களில் ஒன்று அந்த "ஆர்" விகுதிதான். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பெண் என்று தெரிகிறது. வேறு சில பெயர்களை வைத்து ஆணா பெண்ணா என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

மார்ச் 21

முன்பு எழுதியதைக் கொஞ்சம் திருத்த வேண்டும்.

"பதிவாகியிருக்கிறது" என்று அடித்துச் சொன்னேன். கல்வெட்டில் இருக்கும் 400 பெண்களைப் பற்றி ஒரு வாரமாக யோசனை. பெயர் இருக்கிறது, வீடு இருக்கிறது, நெல் இருக்கிறது. அவர்கள் வேறு வேறு கோயில்களிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். வர விரும்பினார்களா, யாரை விட்டுவிட்டு வந்தார்கள், அந்த 400 வீடுகளுக்குள் என்ன பேசிக்கொண்டார்கள், எதுவும் இல்லை. கணக்கு எழுதியவருக்கு அது தேவைப்படவில்லை. கணக்கு பெயரைக் கொடுக்கும், மனதைக் கொடுக்காது. இதை அன்றே சொல்லியிருக்க வேண்டும். லமாசி கடிதத்துக்கும் இந்தக் கல்வெட்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. நான் இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன்.

இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. ஆசையில் ஆளைப் பெரிதாக்கிவிடுவோம். இத்தாலியின் சலேர்னோவில் 12-ஆம் நூற்றாண்டில் த்ரோட்டா என்ற பெண் மருத்துவர் இருந்தார். பெண்களின் நோய்கள் பற்றிய மூன்று நூல்கள் சேர்ந்த தொகுப்பு ஒன்று அவர் பெயரிலேயே பல நூற்றாண்டு புழங்கியது. 1566-ல் அச்சிட்டவர் அதை ஓர் ஆண் எழுதியதாக மாற்றிவிட்டார். இதைப் பார்த்து நமக்குக் கோபம் வரும், வரவும் வேண்டும். ஆனால் பின்னர் ஆய்ந்தவர்கள், மூன்று நூலும் அவருடையவை அல்ல, ஒன்றுக்குத்தான் அவரோடு தொடர்பு உண்டு என்று காட்டினார்கள். அதே ஆய்வுகளில்தான் அவர் எழுதிய வேறொரு மருத்துவ நூல் மாட்ரிட் நகரக் கையெழுத்துப் பிரதி ஒன்றில் இருப்பதும் தெரியவந்தது. சந்தேகப்பட்டவர்களால் அவருக்கு இரண்டு நூல் போயிற்று, ஒரு நூல் வந்தது. அந்த ஒன்றை யாரும் அசைக்க முடியாது.

நமக்கும் ஔவையார் இருக்கிறார். சங்க காலத்து ஔவை வேறு, ஆத்திசூடி பாடிய ஔவை வேறு. ஒருவர் என்று சொன்னால் கதை நன்றாக இருக்கும், ஆனால் குறைந்தது ஒரு பெண் புலவரை நாமே அழித்துவிடுகிறோம்.

ஏப்ரல் 2

"முதல் பெண் மருத்துவர், முதல் பெண் விமானி பட்டியல்களை ஏன் இவ்வளவு வெறுக்கிறீர்கள்?" என்று கேட்டவருக்கு.

வெறுக்கவில்லை. பத்து வயதில் அப்படி ஒரு பட்டியலைச் சுவரில் ஒட்டி வைத்தவள் நான். முதல் குறிப்பில் அதை அலட்சியமாகச் சொல்லியிருந்தால் தவறு என்னுடையது. ஆனால் பட்டியல் ஒருவரைத் தனியே நிறுத்துகிறது. அவரோடு வேலை செய்தவர்கள் மறைந்துவிடுகிறார்கள்.

1946 பிப்ரவரியில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினியை உலகுக்குக் காட்டினார்கள். புகைப்படங்களில் இயந்திரத்தின் முன் பெண்கள் நிற்கிறார்கள். பல பத்தாண்டுகள் கழித்து ஒரு மாணவி இவர்கள் யார் என்று விசாரித்தபோது, இயந்திரம் அழகாகத் தெரிய நிறுத்திய மாடல்கள் என்று பதில் வந்தது. அவர்கள்தான் அதற்கு நிரல் அமைத்தவர்கள். கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான் பிலாஸ், ரூத் லிக்டர்மன். அன்று எல்லாரும் வியந்து பார்த்த குண்டுப் பாதைக் கணக்கைத் தயாரித்தவர்கள் ஜென்னிங்சும் ஸ்னைடரும். ஆறு பேரையும் ஒரே மூச்சில் சொல்லிப் பழகுங்கள். ஒருவரை மட்டும் எடுத்து "முதல் பெண் நிரலர்" என்று மாலை போட்டால் ஐந்து பேர் மறுபடி மாடல் ஆகிவிடுவார்கள்.

பழைய படம் கையில் கிடைத்தால் முதலில் பின்பக்கத்தைத் திருப்புங்கள். பென்சிலில் ஏதாவது இருக்கும்.

ஏப்ரல் 3

மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நம்பலாமா என்ற கேள்விக்கு: நம்பலாம், யார் எதைத் தொழில் என்று எண்ணினார்கள் என்று பார்த்துவிட்டு. இங்கிலாந்தின் 1881 கணக்கெடுப்பில் சொந்த வீட்டு வேலை செய்த பெண்கள் தொழில் இல்லாதவர்கள் பிரிவுக்குப் போனார்கள். முந்தைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுவிட்டுப் பெண்கள் திடீரென்று வேலையை விட்டுவிட்டார்கள் என்று எழுதினால் அபத்தம். எண்ணியவரின் கட்டம்தான் மாறியது.

ஏப்ரல் 3, இன்னொன்று

1975 அக்டோபர் 24. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது பெண்கள் அன்று வேலை செய்யவில்லை. வீட்டிலும் செய்யவில்லை. ஒரே நாளில் நாட்டுக்குக் கணக்கு புரிந்துவிட்டது.

ஏப்ரல் 18

ஆவணக் காப்பகங்கள் பற்றித் தனியாக எழுத ஆசை. 1935-ல் ஆம்ஸ்டர்டாமில் பெண்கள் இயக்கத்துக்கென்று ஒரு சர்வதேச ஆவணக் காப்பகம் தொடங்கினார்கள். 1940-ல் ஜெர்மானியப் படை உள்ளே வந்ததும் முழுவதையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். போரில் அழிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள். 1992-ல் அதில் ஒரு பகுதி மாஸ்கோவில் இருப்பது தெரிந்தது. 2003-ல் திரும்பி வந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் வேறு நாட்டில், வேறு மொழிச் சீட்டு ஒட்டிக்கொண்டு பெட்டிக்குள் இருந்திருக்கிறது. யாரோ ஒருவர் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்திருக்கிறார்.

நம் பக்கத்தில் மும்பையில் ஸ்பாரோ என்ற பெண்கள் ஆவணக் காப்பகம் இருக்கிறது. எழுத்தாளர் அம்பையும் இன்னும் இருவரும் சேர்ந்து 1988-ல் தொடங்கியது. ஒலிப்பதிவு, புகைப்படம், கடிதம் என்று பெண்களின் வாழ்க்கையைச் சேர்க்கிறார்கள். வாய்மொழிப் பதிவை எப்படிச் செய்வது என்று கற்றுக்கொள்ள விரும்புபவர்கள் அவர்களுடைய வேலையைப் பாருங்கள்.

ஏப்ரல் 30

விக்கிப்பீடியாவில் எழுதத் தொடங்கியவருக்கு வாழ்த்து. ஒன்றைத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். இயற்பியலாளர் டோனா ஸ்ட்ரிக்லண்ட் பற்றிய வரைவை 2018 மே மாதம், போதிய ஆதாரம் காட்டப்படவில்லை என்று ஏற்காமல் விட்டார்கள். அக்டோபரில் அவருக்கு நோபல் பரிசு. பரிசு வந்ததால் அவர் முக்கியமானவர் ஆகவில்லை, வேலை அதற்கு முன்பே முடிந்திருந்தது. உங்கள் வரைவு திரும்பினால் ஆதாரத்தைச் சேர்த்து மறுபடி அனுப்புங்கள். விட்டுவிடாதீர்கள்.

மே 19

இந்தக் குறிப்பை எழுத எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

"எழுதத் தெரிந்த பெண்களைப் பற்றியே பேசுகிறீர்கள்" என்று ஒருவர் ஏப்ரலில் சொல்லியிருந்தார். அவர் சொன்னது சரி. மார்த்தா பல்லார்ட்டின் வீட்டில் வேலைக்கு வந்த இளம் பெண்கள் இருந்தார்கள். அவர்கள் நூற்றதால்தான் இவர் பிரசவத்துக்குப் போக முடிந்தது. அவர்கள் அவருடைய நோட்டில் வந்து போகிறார்கள், அவர்களுடைய நோட்டு என்று எதுவும் நம் கையில் இல்லை. லமாசியின் துணியை நெய்ததில் அடிமைப் பெண்களின் கையும் உண்டு. ஹார்வர்டு வானாய்வகத்தில் விண்மீன்களை வகைப்படுத்திய வில்லியமினா ஃபிளெமிங், பிக்கரிங் வீட்டில் பணிப்பெண்ணாக இருந்தவர். அவர் வெளியே வந்ததால் நமக்குத் தெரிகிறது. அவருக்குப் பிறகு அந்த வீட்டைக் கூட்டியவர் யார்?

ஒரு பெண் எழுதியதைப் படிக்கும்போது அவர் யாரைப் பெயர் சொல்லாமல் விடுகிறார் என்றும் பார்க்க வேண்டும். சாதி, வர்க்கம், வயது எல்லாம் அங்கே வந்து நிற்கும். இதை நான் மற்றவர்களுக்குச் சொல்லத் தயாராக இருந்தேன். என் பாட்டிக்குப் பொருத்திப் பார்க்கத் தோன்றவில்லை.

போன வாரம் அத்தை வந்திருந்தார். நோட்டைக் காட்டினேன். விரலை ஓரத்தில் வைத்து, "இது என்ன காசுன்னு படிக்கிறே? காசு இல்லடி, காஜா" என்றார். கா 6 என்றால் ஆறு காஜா. பொத்தான் துளைக்கு நூல் சுற்றித் தைப்பது. பாட்டிக்குக் கண் மங்கத் தொடங்கிய பிறகு அதை அவர் செய்யவில்லை. மாலையில் ஒரு பெண் வருவாளாம், பதினான்கு பதினைந்து வயது, வாசலோரம் வெளிச்சத்தில் உட்கார்ந்து காஜா எடுத்துக் கொடுத்துவிட்டுப் போவாளாம். எண்ணிக்கைக்குத் தகுந்த கூலி. வீட்டுக்குள் வர மாட்டாள் என்றார் அத்தை. ஏன் என்று கேட்டேன். அத்தை பதில் சொல்லவில்லை. எனக்கும் தெரியாமல் இல்லை.

நோட்டு முழுவதும் உட்கார்ந்து கூட்டினேன். 1,930 காஜா.

மே 20

214 பேர் என்று மார்ச் 9-ல் எழுதியது தவறு. 215.

ஜூன் 8

பலர் கேட்டதால் சுருக்கமாகச் சொல்கிறேன். அத்தைக்கு அந்தப் பெண்ணின் பெயர் ஞாபகம் இல்லை. "காஜாக்காரி" என்றுதான் கூப்பிடுவோம் என்றார். நோட்டில் இருக்கும் பெயர்களில் அன்று சிறுமியாக இருந்த ஒருவரை விசாரித்துப் போனேன். அவருக்கு இப்போது எழுபதுக்கு மேல். அவருக்கும் பெயர் தெரியவில்லை. ஆனால் அவள் தம்பி தன்னோடு படித்ததாகச் சொன்னார்.

ஜூன் 26

தம்பியைப் பார்த்தேன். அக்கா போய் ஒன்பது ஆண்டு ஆகிறது என்றார். மகள் பேசினார். அம்மா கடைசிவரை தைத்தார்களாம், பிறகு சொந்தமாக மெஷின் வாங்கி. என் பாட்டி நோட்டின் படங்களைக் காட்டினேன். மகள் எண்களை ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தார். "எட்டு எடுத்த அன்னைக்கு நிறைய நேரம் ஆகியிருக்கும்" என்றார்.

பெயர் கிடைத்துவிட்டது. பொதுவில் எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள், எழுதவில்லை. நோட்டில் என் கையால் எதையும் சேர்க்க மனம் வரவில்லை. ஒரு தனிச் சீட்டில் எழுதி, முதல் "கா" வரும் பக்கத்தில் வைத்திருக்கிறேன். நோட்டின் முழுப் பிரதி ஒன்றை மகளுக்கு அனுப்பியாயிற்று.